கால் அகற்றி நிற்றல் குற்றமோ?

தரையிற் கிடக்கும் பளுவை இரு கைகளாலும் பற்றி நிமிர்ந்து நிற்றல் மிக எளிய செயல்போலத் தோன்றும். நெல் மூட்டையைப் புரட்டுவோனும், நீர்க்குடத்தை எடுப்போளும், அழும் குழவியை வாரி அணைக்கும் தாயும் நாள்தோறும் செய்வது இதுவே. ஆயினும், இவ்வெளிய செயலை எந்நிலையில் நின்று செய்தல் வேண்டும் என்பது பற்றி நம் இளைஞரிடையே இந்நாளில் எழுந்துள்ள பூசல் சிறிதன்று. கால்களை நெருக்கி நின்று எடுப்பதே ஆண்மைக்கு அழகு என்பர் ஒரு சாரார். கால்களை அகற்றி நின்று எடுப்பாரை ஏமாற்றுவோர் என்று எள்ளி நகைப்பர். சென்ற ஆண்டு நம் கல்லூரி விடுதிகளுக்கிடையே நிகழ்ந்த டெட்லிஃப்ட் போட்டியில், 'சுமோ நிலை கூடாது' என்று ஒரு விதியே எழுதி ஒட்டப்பட்டது. அவ்விதி தக்கதுதானா என்று ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம். தக்கதன்று என்பதே எம் துணிபு. அதற்குரிய ஏதுக்களை ஒவ்வொன்றாக எடுத்துரைப்போம்.

தமிழ் பயிலும் மாணாக்கர்க்கும் இரும்புக்கும் என்ன உறவு என்று அன்பர் சிலர் வினவக்கூடும். யாம் பிறந்து வளர்ந்தது திருவள்ளூர் மாவட்டத்துப் பெரியபாளையம். ஆரணியாற்றின் கரையிலமைந்த அவ்வூரைப் பவானியம்மன் கோயிலால் அறிவார் பலர். ஆடித் திங்களில் வேப்பிலையையே ஆடையாக உடுத்துவரும் பெருங்கூட்டத்தையும் கண்டிருப்பர். அவ்வூரின் மற்றொரு முகத்தைக் கண்டவர் சிலரே. பொழுது புலருமுன் வண்டியேறிக் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குச் செல்லும் இளைஞர் அங்கு உளர். இரும்பை உருக்கிக் கம்பியாக உருட்டும் ஆலைகள் அத்தொழிற்பேட்டையில் உள. பகலெல்லாம் இரும்பினோடு உழன்ற இவர்களுட் சிலர், மாலையில் ஜிம்முக்கு வந்து மீண்டும் இரும்பையே எடுக்கின்றனர். இஃதென்ன பித்து என்று ஊரிலுள்ள பெரியோர் நகைப்பதுண்டு. பகலில் எடுப்பது பிறர்பொருட்டு; மாலையில் எடுப்பது தம்பொருட்டு. இவ்வேறுபாடு எடுப்பவர்க்கே விளங்கும்.

அத்தகைய பயிற்சிச்சாலை ஒன்றில் யாம் நேரிற் கண்டதொன்று இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று. உடல் நீண்டு கை குறுகிய இளைஞர் ஒருவர் அங்குப் பயின்றுவந்தார். அவர் உடலமைப்புக்குச் சுமோ நிலையே இயல்பாகப் பொருந்திற்று. ஆனால், அந்நிலையில் அவர் நின்றபோதெல்லாம் சுற்றியிருந்தோர், "தவளை வந்தது பார்!" என்று கைகொட்டினர். அந்நகைக்கு அஞ்சி அவர் கால்களை நெருக்கி நின்று, முதுகு வளைய வளையப் பளுவை மேன்மேலும் கூட்டினார். ஒருநாள் இடுப்புப் பிடித்துக்கொண்டது. பல வாரம் வேலைக்குச் செல்ல இயலவில்லை. நாட்கூலியால் வாழும் வீட்டிற்கு அஃது எத்துணை இடர் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. விளையாட்டாகச் சொல்லப்பட்ட ஒரு சொல் ஓர் அடுப்பின் தீயைத் தணித்தது. ஆகலின் இப்பூசலை வெறும் வாய்ப்பேச்சென்று தள்ளிவிட எம்மால் இயலவில்லை.

நிற்க. இத்துறை பயிலாதார்பொருட்டுச் சில சொல்லுதல் வேண்டும். பளுதூக்குதல் வேறு, வலுதூக்குதல் வேறு. பளுவைத் தரையினின்று தலைக்குமேல் உயர்த்துவது பளுதூக்குதல். வேலூரைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014-இல் கிளாஸ்கோவிலும் 2018-இல் கோல்டு கோஸ்டிலும் நிகழ்ந்த காமன்வெல்த் விளையாட்டுகளில், 77 கிலோ பிரிவில் தங்கம் வென்றது இதனாலேயாம். வலுதூக்குதலிலோ ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், டெட்லிஃப்ட் என மூன்று செயல்கள் உள. ஒவ்வொன்றற்கும் மும்முறை வாய்ப்புண்டு. மூன்றிலும் எடுத்த மிகுந்த எடைகளைக் கூட்டி வெற்றியைத் தீர்மானிப்பர். இறுதியில் நிகழும் டெட்லிஃப்டில், தரையில் அசைவற்றுக் கிடக்கும் பாரைப் பற்றி, முழங்காலும் இடுப்பும் நேராகத் தோள்கள் பின்சென்று நிற்கும்வரை எடுத்தல் வேண்டும். பாரின் எடை 20 கிலோ. பெரிய பிளேட்டுகளின் விட்டம் 45 சென்டிமீட்டர். ஆதலால் யார் எடுப்பினும் பார் தரையினின்று ஏறத்தாழ 22.5 சென்டிமீட்டர் உயரத்திலேயே கிடக்கும். நெட்டையர்க்கு உயர்த்துவதும் குட்டையர்க்குத் தாழ்த்துவதும் இல்லை.

இப்பாரை எடுக்க இரு நிலைகள் உள. கால்களை இடுப்பின் அகலத்திற்கு வைத்து, கைகளை முழங்கால்களுக்கு வெளியே விட்டுப் பற்றுவது வழக்கநிலை. ஆங்கில வழக்கையொட்டி நம் இளைஞர் இதனைக் கன்வென்ஷனல் என்பர். இந்நிலையில் இடுப்பு உயர்ந்தும் உடல் முன்சாய்ந்தும் நிற்கும்; முதுகின் தசைகளும் தொடையின் பின்புறத் தசைகளும் மிக உழைக்கும். கால்களை நன்கு அகற்றி, பாதங்களை வெளிநோக்கித் திருப்பி, கைகளை முழங்கால்களுக்கு உள்ளே விட்டுப் பற்றுவது சுமோநிலை. ஜப்பானிய மல்லர் கால்களை அகற்றிக் குந்தி நிற்கும் தோற்றத்தை ஒத்தலின் இப்பெயர் பெற்றது. இந்நிலையில் இடுப்பு பாருக்கு அருகிற் செல்லும். உடல் நிமிர்ந்து நிற்கும். தொடையின் முன்புறத் தசைகளும் உட்புறத் தசைகளும் இடுப்பைச் சூழ்ந்த தசைகளும் மிகுதியாக உழைக்கும்.

இனி, சுமோநிலைமேற் சாட்டப்படும் குற்றம் யாது? கால்களை அகற்றுதலால் உடலின் உயரம் குறைகின்றது. அதனால் பார் செல்லவேண்டிய தொலைவும் குறைகின்றது. எனவே இது குறுக்குவழி என்பதாம். தொலைவு குறைகின்றதென்பது மெய்யே, மறுப்பதற்கில்லை. வலுதூக்கும் போட்டியொன்றில் 12 பேர் சுமோநிலையிலும் 12 பேர் வழக்கநிலையிலும் எடுத்ததைப் படமெடுத்து ஆராய்ந்த எஸ்கமில்லா முதலியோரின் ஆய்வு 2000-இல் வெளிவந்தது. வழக்கநிலையில் பார் செல்லும் தொலைவும் செய்யப்படும் வேலையும் 25 முதல் 40 விழுக்காடு மிகுதி என்று அது கண்டது. இதனை ஒரு சிறு கணக்கால் விளக்குவோம். 100 கிலோ பளுவை 50 சென்டிமீட்டர் உயர்த்தினால் செய்யும் வேலை ஏறத்தாழ 490 ஜூல். அதனையே 40 சென்டிமீட்டர் உயர்த்தினால் 392 ஜூல். இவ்வேறுபாட்டைக் கண்டே ஏமாற்று என்கின்றனர்.

இவ்வாதம் நிலைபெறாது. என்னை? போட்டியின் விதி எடையை நிறுக்கின்றதேயன்றி வேலையை அளப்பதில்லை. வேலையையே அளப்பதாயின், ஆறடி உயரமுள்ளான் ஐந்தடி உயரமுள்ளானினும் பாரை நெடுந்தொலைவு உயர்த்துகின்றான். அவனுக்கு மிகுதியாக மதிப்பெண் தரவேண்டுமன்றோ? கை நீண்டவன் நிமிர்ந்து நிற்கும்போது பார் அவன் தொடையின் கீழேயே நின்றுவிடுகின்றது. கை குறுகியவனுக்கோ இடுப்பு மட்டத்திற்குச் செல்கின்றது. நீண்ட கையுடையானைக் கள்வன் என்பாரை யாம் எங்கும் கண்டிலம். பிறப்பால் வந்த குறுந்தொலைவு குற்றமில்லையாயின், பயிற்சியால் வந்த குறுந்தொலைவு மட்டும் எங்ஙனம் குற்றமாகும்? 1972-இல் தோன்றிய அனைத்துலக வலுதூக்கும் கூட்டமைப்பின் விதிகள், பார் இடையிற் கீழிறங்குதலையும், தொடைமேற் பாரைத் தாங்குதலையும், நடுவர் குறி காட்டுமுன் இறக்குதலையும் குற்றமென விலக்குகின்றன. கால்களின் அகலத்தை விலக்கவில்லை. விதியால் விலக்கப்படாததை ஏமாற்றென்பது சொல்லின் பொருளையே திரிப்பதாகும்.

மேலும், சுமோநிலை அத்துணை எளிதாயின், இரண்டற்கும் இடந்தரும் போட்டிகளில் வழக்கநிலை அறவே ஒழிந்திருத்தல் வேண்டும். அங்ஙனம் ஒழிந்ததா? அமெரிக்கராகிய எட் கோன் ஏறத்தாழ 100 கிலோ உடலெடையோடு 1991-இல் 409 கிலோ எடுத்தது சுமோநிலையில். ஆங்கிலேயராகிய ஆண்டி போல்டன் 2006-இல் ஆயிரம் பவுண்டைக் கடந்த முதல்வராய் 455 கிலோ எடுத்ததோ வழக்கநிலையில். பேருடல் படைத்தோர் பெரும்பாலும் வழக்கநிலையையும், சிற்றுடல் படைத்தோருட் பலர் சுமோநிலையையும் நாடுதலைப் போட்டிகளிற் காணலாம். வயிறும் தொடையும் பருத்தவர்க்குக் கால்களை மிக அகற்றிக் குந்துதல் அரிதென்பது இதற்கு ஒரு காரணம். ஐஸ்லாந்து நாட்டு ஹாஃப்தோர் பியோர்ன்சன் 2020-இல் 501 கிலோ எடுத்ததைச் சிலர் எடுத்துக்காட்டி வழக்கநிலையே உயர்ந்ததென்பர். அவர் வழியாகிய பெருவலியர் போட்டிகளில் சுமோநிலைக்கு இடமில்லை. ஒருவரை ஓட்டத்திற் சேர்க்காமலே அவர் தோற்றார் என்பது முறையாகாது. அப்போட்டிகளுக்கு அவ்விதி உண்டேல் இருக்கட்டும். அஃது அவ்விளையாட்டின் மரபு. அதனை எல்லா விளையாட்டிற்கும் அறமாக்குதலே பொருந்தாது.

புதுமுறை தோன்றுங்கால் நகைப்பு எழுதல் உலகியல்பு. உயரம் தாண்டுதலில் முதுகைக் கம்பிக்குக் காட்டி மல்லாந்து தாண்டிய டிக் ஃபாஸ்பரியைக் கண்டு பலர் நகைத்தனர். அவர் 1968-இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் 2.24 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். இன்று உலகத்தின் சிறந்த தாண்டுநர் யாவரும் அவ்வாறே தாண்டுகின்றனர். ஒற்றைக் காலால் எழுந்து தாண்டுக என்பதே விதி. மல்லாந்தா, கவிழ்ந்தா என்று அது கேட்பதில்லை.

சுமோநிலை பிறநாட்டுப் பெயர் பூண்டிருத்தலால், அது நமக்கு முற்றும் அயலானதென்று எண்ணுவாரும் உளர். அவர் நம் நாட்டு இளவட்டக்கல்லை நினைவு கூர்வாராக. உருண்டு திரண்ட அக்கல்லைத் தூக்கிய இளைஞனுக்கே பெண் கொடுப்பது முன்னாள் வழக்கென்று நம் மூத்தோர் கூறுவர். திருநெல்வேலி மாவட்டத்து வடலிவிளையில் பொங்கல் விழாவின்போது இளவட்டக்கல் தூக்கும் போட்டி இந்நாளிலும் நிகழ்கின்றது. மகளிரும் அதிற் கலந்துகொள்கின்றனர். அக்கல்லை எவ்வாறு எடுக்கின்றனர்? கல்லின் இருமருங்கும் கால்களை அகற்றி ஊன்றிக் குந்தி, இரு கால்களுக்கும் நடுவே கைகளை விட்டுக் கல்லை அணைத்து, முதலில் தொடைமேல் ஏற்றி, பின்னர் மார்புக்கும் தோளுக்கும் உயர்த்திப் பின்புறம் தள்ளுகின்றனர். கல்லுக்கும் பாருக்கும் வேறுபாடுகள் பல. கல்லை எடுப்போன் முதுகு வளையாமல் எடுத்தல் அரிது. பாரை எடுப்போனுக்கு அவ்வளைவு கூடாது. ஆயினும், கால் அகற்றி நின்று பளுவை உடலின் நடுவே கொணர்தல் என்னும் அடிப்படை இரண்டற்கும் ஒன்றே. இளவட்டக்கல்லைத் தூக்கியவனை, நீ ஏன் காலை அகற்றினாய் என்று எந்தப் பெண்வீட்டாரும் கேட்டதாக யாம் கேள்விப்படவில்லை!

எம் பாடத்திலிருந்தும் ஓர் உவமை கூறுதும். வெண்பாவுக்கு ஒரு கட்டு. ஆசிரியப்பாவுக்கு மற்றொரு கட்டு. வெண்பாவின் தளை கடிது. ஆசிரியத்தின் நடை நெகிழ்வுடையது. அதுபற்றி ஆசிரியம் பாடிய புலவரை யாப்பறியாதார் என்பார் உளரோ? ஒவ்வொரு பாவையும் அதற்குரிய இலக்கணத்தால் அளக்க வேண்டும். பொருளுக்கும் புலமைக்கும் ஏற்ற பாவைத் தெரிதலே புலவர்க்கு அழகு. டெட்லிஃப்டும் அன்னதே.

எனின், யாருக்கு எந்நிலை பொருந்தும்? உடல் குறுகிக் கை நீண்டவர்க்கு வழக்கநிலை பொதுவாக எளிதிற் படியும். மிகச் சாயாமலே அவர் கை பாரை எட்டும். உடல் நீண்டு கை குறுகியவர் வழக்கநிலையில் மிகத் தாழ்ந்து சாய நேரும்; அவர்க்குச் சுமோநிலை துணைசெய்யும். இவற்றினும் முதன்மையானது இடுப்பு மூட்டின் அமைப்பு. தொடையெலும்பின் தலை சென்று பொருந்தும் குழியின் ஆழமும் திசையும் ஆளுக்காள் வேறுபடும். சிலர் எத்துணை நாள் பயின்றாலும் கால்களை ஓரளவுக்கு மேல் அகற்ற இயலாது. எலும்பு எலும்பைத் தடுக்கும். அதனைச் சோம்பலென்று இகழ்தல் அறியாமை. முதுகைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. 1991-இல் வெளிவந்த கோலெவிக்கி, மக்கில், நார்மன் ஆகியோரின் ஆய்வு, சுமோநிலையில் இடுப்பருகேயுள்ள முதுகெலும்பு மூட்டின்மேல் விழும் திருப்புவிசை ஏறத்தாழ 10 விழுக்காடு குறைவென்று கண்டது. இக்குறைவு சிறிதே, ஆயினும் முதுகு விரைந்து தளர்வோர்க்கு அது பொருட்படுத்தத்தக்கது.

இனி, சுமோநிலையைக் கற்கும் முறையைச் சுருங்கக் கூறுவோம். தொடக்கத்தில் பெரிய பிளேட்டுகள் இன்றி வெறும் பாரையே எடுத்தல் வேண்டின், இருபுறமும் மரக்கட்டைகளை அடுக்கி அதனைப் போட்டி உயரத்திற்கு ஏற்றிக்கொள்க. தரையில் வைத்து எடுப்பது நிலையைக் கெடுக்கும். தட்டையான அடியுடைய காலணி தக்கது. மெத்தென்ற ஓட்டக்காலணி ஆகாது. கால்களைத் தோளகலத்தினும் சிறிது அகற்றித் தொடங்கி, வாரந்தோறும் இரண்டு மூன்று விரற்கடை கூட்டுக. எதிரே நிற்பவர் நோக்கின் முழங்காலுக்குக் கீழுள்ள பகுதி தரைக்குச் செங்குத்தாகத் தோன்றுமிடமே பெரும்பாலோர்க்கு ஏற்ற அகலம். பாதங்கள் வெளிநோக்கித் திரும்பியிருத்தல் வேண்டும். முழங்கால்கள் பாதம் நோக்கிய திசையையே நோக்க வேண்டும். முழங்கால் உள்நோக்கி மடிதல் இந்நிலையின் பெரும் பிழை.

பார் பாதத்தின் நடுவுக்கு நேர்மேலே, காலின் முன்னெலும்பை ஒட்டி இருக்கட்டும். கைகளைத் தோளினின்று நேராகத் தொங்கவிட்டுப் பற்றுக. மூச்சை வயிறு நிறைய இழுத்து, வயிற்றைச் சுற்றிலும் இறுக்குக. மார்பை நிமிர்த்தி, பாரைச் சிறிதே மேல்நோக்கி இழுத்து, கைக்கும் பாருக்கும் பிளேட்டுக்கும் இடையேயுள்ள தளர்ச்சியைப் போக்குக. வெடுக்கென்று பிடுங்குதல் ஆகாது. பின்னர்த் தரையை இரு கால்களாலும் இருபுறமும் பிளப்பதுபோல் அழுத்துக. இவ்விடத்திற்றான் கற்போர் பலர் பொறுமை இழப்பர். சுமோநிலையில் பார் தரையை விட்டெழுதலே கடினம். எழுந்தபின் முடிவு எளிது. வழக்கநிலையிலோ பெரும்பாலோர்க்குப் பார் விரைந்தெழும். முழங்காலைக் கடந்தபின் தளர்ச்சி தோன்றும். இவ்வேறுபாட்டை அறியாதார், பார் உடனே எழாமை கண்டு இடுப்பை மேலே தூக்கிவிடுவர். இடுப்பு உயர்ந்தால் உடல் முன்சாயும். கால் அகற்றியதன் பயனெல்லாம் போம். இரண்டு நொடி பொறுத்து அழுத்துவோனுக்குப் பார் இசையும். நிமிர்ந்தபின் பின்னோக்கிச் சாயாமல் நிற்க. பாரை விட்டெறியாமல் கையோடு இறக்குக.

வாரத்திற்கு இருமுறை, முறைக்கு ஐந்தாக மூன்று சுற்று எடுத்தல் தொடக்கத்தில் போதும். நிலை குலையாதிருந்தால் மட்டும் 2.5 கிலோ கூட்டுக. கைப்பேசியைப் பக்கத்தில் நிறுத்திப் படமெடுத்துப் பார்த்தல் நல்லது. அதற்கு முகத்துதி தெரியாது. எட்டு முதல் பன்னிரண்டு வாரம் பயிலாமல், இந்நிலை எனக்கு ஆகாது என்று எவரும் தீர்ப்புக் கூறவேண்டா.

சுமோநிலையின் குறைகளை மறைத்தல் எம் கருத்தன்று. தொடையின் உட்புறத் தசைகளும் இடுப்பு மூட்டும் பழகாதார்க்கு அது கடும் நோவு தரும். கால்களை மிக அகற்றினால் கால்விரல் பிளேட்டின் அருகிற் செல்லும். பார் நழுவினால் விரல் நசுங்கும். நிலை நுட்பமானது; ஒரு விரற்கடை பிறழ்ந்தாலும் வலிமை குறையும். வழக்கநிலையோ கற்பதற்கு எளிது. முதுகையும் தொடையின் பின்புறத்தையும் நன்கு உரப்படுத்துவது. இடம் குறுகிய பயிற்சிச்சாலைக்கும் ஏற்றது. ஆகலின், புதிதாகத் தொடங்குவோர் முதலில் வழக்கநிலையைச் செம்மையாகக் கற்று, பின்னர்ச் சுமோநிலையையும் சில திங்கள் பயின்று, இரண்டையும் தம் உடலாகிய துலாக்கோலில் நிறுத்துப் பார்த்துத் தெரிவதே எமக்கு நேரிதாகத் தோன்றுகின்றது. தெரிந்தபின்னும் மற்றதை முற்றும் கைவிடுதல் வேண்டா. ஒன்றில் தளர்ந்த தசைக்கு மற்றொன்று வலுவூட்டும்.

ஈண்டு எம் ஊர் இளைஞரை மீண்டும் நினைக்கின்றோம். ஜிம்மிற் கற்றது ஆலையில் உதவுமா? ஓரளவு உதவும். இருநிலைக்கும் பொதுவான முதற்பாடம், பளுவை உடலுக்கு அணித்தாக வைத்தல். 50 கிலோ மூட்டை முதுகெலும்பினின்று 30 சென்டிமீட்டர் தள்ளியிருந்தால் அதனால் வரும் திருப்புவிசை ஏறத்தாழ 147 நியூட்டன் மீட்டர். 60 சென்டிமீட்டர் தள்ளியிருந்தால் 294. எடை கூடாமலே சுமை இரட்டிக்கின்றது. மூட்டையின் இருமருங்கும் காலை ஊன்றி எடுக்கும் சுமையாளி சுமோ என்னும் பெயரைக் கேளாமலே அதன் பயனை அறிந்திருக்கின்றார்.

ஆயினும், இதனை ஒரு சாக்காகக் கொண்டு, முதுகு நொந்த தொழிலாளியை நோக்கி, நீ தூக்கிய முறை பிழை என்று ஆலை மேலாளர் கைகழுவிவிடுதல் கூடாது. தூக்கும் முறையைக் கற்பிப்பதால் மட்டும் தொழிலாளரின் முதுகுவலியைத் தடுக்க இயலவில்லை என்பதே, பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய காக்ரேன் குழுவின் 2011-ஆம் ஆண்டு முடிபு. பயிற்சிச்சாலையில் எடுப்போன் பதினைந்து முறை எடுத்து இளைப்பாறுகின்றான். ஆலையில் எடுப்போன் நாள் முழுதும் எடுக்கின்றான். அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு 1967-இல் வெளியிட்ட பரிந்துரை, வயதுவந்த ஆண் தொழிலாளி ஒருவர் சுமக்கும் எடை 55 கிலோவை மிகுமாயின் அதனை விரைவிற் குறைக்கவேண்டும் என்கின்றது. ஊறு விளைக்கத்தக்க பெருஞ்சுமையை எவர்மீதும் ஏற்றலாகாதென்று நம் நாட்டின் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமும் தன் 34-ஆம் பிரிவில் விதித்தது. சுமையைக் குறைத்தலும் தள்ளுவண்டி தருதலும் ஆலையார் கடன். நிலையைத் தெரிதல் எடுப்போன் உரிமை. ஒன்று மற்றொன்றற்கு ஈடாகாது.

இறுதியாக நம் கல்லூரிக்கு ஒரு விண்ணப்பம். உடற்பயிற்சியைக் கல்வியின் ஓர் உறுப்பாக்கியதில் தமிழ்நாட்டுக்குத் தனிப் பெருமை உண்டு. ஹாரி குரோ பக் என்பார் 1920-இல் சென்னையில் நிறுவிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி ஆசியாவிலேயே முதலாவது என்று போற்றப்படுவது. அந்நகரத்தை அடுத்து வாழும் நாம், உடலை ஆராய்ந்து பயிற்றுதலில் பின்தங்கலாமோ? எனவே, விடுதிப் போட்டியின் விதித்தாளினின்று 'சுமோ நிலை கூடாது' என்னும் வரியை நீக்குமாறு விளையாட்டுக் குழுவினரை வேண்டுகின்றோம். அதற்கு மாறாக மூன்று விதிகளை எழுதுக: முதுகு வளையத் தொடங்கியவரை நடுவர் நிறுத்துக, பாரை விட்டெறிந்தவரின் முயற்சியைத் தள்ளுக, எடுப்பவரை எள்ளுவோரை அரங்கினின்று வெளியேற்றுக. இம்மூன்றும் மாணாக்கர் உடலையும் மானத்தையும் ஒருங்கே காக்கும். போட்டிக்கு ஒரு திங்கள் முன்னரே உடற்பயிற்சி ஆசிரியர் இரு நிலைகளையும் கற்பித்தல் இன்னும் நன்று. மாணவியர் விடுதிக்கும் அப்பயிற்சி உரித்தாகுக.

உடன்பயிலும் நண்பர்களே, அடுத்த முறை உங்கள் முன்னே ஒருவர் பாரருகில் வந்து கால்களை அகற்றி நிற்பாராயின், அவர் கால்களின் அகலத்தை அளவாதீர்கள். அவர் முழங்கால் மடிகின்றதா, முதுகு நேராக உள்ளதா, மூச்சு நிறைந்ததா என்று நோக்குங்கள். பிழை கண்டால் அருகிற் சென்று மெல்லச் சொல்லுங்கள். பார் எழுமாயின் கைகொட்டுங்கள்.